கேமிங் மவுஸ் டபுள் கிளிக் ஆகுது, புதுசு வாங்கணும்: 4,000 ரூபாய்க்குள்ள எது சரி?

வைகைக்கரை:

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுறேன், காலேஜ்ல ரெண்டாவது வருஷம். இருக்குற கேமிங் மவுஸோட இடது பட்டன் கொஞ்ச நாளா பாடாய்ப் படுத்துது. ஒரு தடவை தட்டுனா ரெண்டு தடவை தட்டுன மாதிரி ஆகுது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2-ல தூரத்துல இருக்குறவனை ஒத்தைக் குண்டுல அடிக்கலாம்னு தட்டுனா ரெண்டு குண்டு போகுது, ரெண்டாவது மேல பறந்துடுது. ஃப்ளாஷ் கிரனேடை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மூலைக்குப் போறதுக்குள்ள, நான் விரலை எடுக்காமலே அது கையை விட்டுப் போயிடுது.

என் தங்கச்சியும் இதே கம்ப்யூட்டர்லதான் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுவா. வில்லாளிங்களை மொத்தமாப் பிடிக்கக் கட்டம் போட்டு இழுத்தா, பாதியிலயே கட்டம் அறுந்துடுது. அவளும் வெறுத்துப் போயிட்டா.

மவுஸ் பேர் தெரிஞ்ச கம்பெனியோடதுதான். வயர் உள்ளது. பக்கத்துல ஒட்டியிருந்த ரப்பரும் இப்போ பிசுபிசுன்னு ஆயிடுச்சு. வாரண்டி முடிஞ்சுடுச்சு. 4,000 ரூபாய் சேர்த்து வச்சிருக்கேன், அதுக்கு மேல முடியாது. ஆன்லைன்ல பாத்தா 6,400 டிபிஐ, 8,000, 12,000, 25,000-னு என்னென்னமோ போட்டிருக்கு. எவ்வளவு இருந்தா போதும்? வயர்லெஸ் நம்பி வாங்கலாமா? இன்னொரு தடவை இதே டபுள் கிளிக் வராம இருக்க ஏதாவது வழி இருக்கா? அதுதான் எனக்கு முக்கியம்.

ராக்கெட்_ராசா:

ப்ரோ, கொஞ்சம் கூடப் போட்டாவது லாஜிடெக் ஜி502 ஹீரோ வாங்கிடுங்க. 25,600 டிபிஐ, 11 பட்டன், எடையைக் கூட்டிக்கக் குட்டிக் குட்டிக் கட்டிகள் பெட்டிக்குள்ளயே வரும். வீலைச் சுத்தி விட்டா நிக்காம ஓடும். நான் அதைத்தான் வச்சிருக்கேன். வேற எதையும் தொடத் தோணல. டிபிஐ எவ்வளவு அதிகமோ அவ்வளவு துல்லியம்.

பற்றாசு:

தம்பி வைகைக்கரை, வாங்கப் போறதுக்கு முன்னாடி இது எதனால செத்துச்சுன்னு புரிஞ்சுக்கோ. சென்னை ரிச்சி தெருவுல ஒரு சின்ன சர்வீஸ் கடையில வேலை பாக்குறேன். மேசை மேல எந்நேரமும் பிரிச்சுப் போட்ட மவுஸ் கிடக்கும். டபுள் கிளிக்னு வர்றதுல முக்கால்வாசிக்கு மேல காரணம் ஒண்ணுதான்.

நீ அழுத்துற பிளாஸ்டிக்குக்கு அடியில, விரல் நகத்தளவு கூட இல்லாத ஒரு மைக்ரோஸ்விட்ச் இருக்கும். மூணு கால். உள்ள மெல்லிசான செம்புக் கலவைத் தகடு ஒண்ணை வளைச்சு இழுத்து மாட்டியிருப்பாங்க. நீ அழுத்தும்போது அது டக்குனு துள்ளி எதிர்ப்பக்கத் தொடுபுள்ளியில போய் இடிக்கும். நீ கேக்குற கிளிக் சத்தமே அதுதான். இடிச்ச உடனே ஒட்டிக்காது, சில தடவை துள்ளித்தான் அடங்கும். எல்லாம் மில்லிசெகண்ட் கணக்கு. மவுஸுக்குள்ள இருக்குற சிப் அந்தத் துள்ளல் அடங்குற வரைக்கும் பொறுத்து, எல்லாத்தையும் சேர்த்து ஒரே கிளிக்காக எடுத்துக்கும்.

நாளாக ஆகத் தகடோட இழுவை தளரும், தொடுபுள்ளியில அழுக்குப் படலம் படியும். மவுஸ்ல ஓடுற மின்னோட்டம் ரொம்பச் சொற்பம், அந்தப் படலத்தை எரிச்சுத் தள்ள அதுக்குத் தெம்பு கிடையாது. அப்புறம் துள்ளல் நேரம் நீளும். சிப் பொறுத்திருக்கிற நேரத்தைத் தாண்டிட்டா ஒரு தட்டு ரெண்டாகும். அழுத்திப் பிடிச்சிருக்கும்போது தொடர்பு ஒரு கணம் விட்டுப் போனா உன் கிரனேடு பறக்கும், தங்கச்சி போட்ட கட்டம் அறும். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்.

பெட்டியில 1 கோடி கிளிக்னு போட்டிருந்தா மலைச்சுப் போகாதே. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல நிமிஷத்துக்கு 100 கிளிக்னு வச்சுக்கோ. ரெண்டு மணி நேரம் ஆடினா 12,000. தினமும் ஆடினா ரெண்டே கால் வருஷத்துல 1 கோடி தீர்ந்துடும். அதுவும் ஸ்விட்ச் கம்பெனிக்காரன் சோதனை மேசையில வச்சு எடுத்த கணக்கு. வியர்வையும் தூசியும் சேர்ந்தா அதுக்கு முன்னாடியே மக்கர் பண்ணும்.

அதனால மறுபடி டபுள் கிளிக் வரக் கூடாதுன்னா நீ பாக்க வேண்டியது ஸ்விட்ச் எந்த ஜாதின்னு. டிபிஐ அப்புறம். 2019-ல ரேசர் வைப்பர் மவுஸோட ஆப்டிக்கல் ஸ்விட்ச் வந்துச்சு. அதுல ஒரு அகச்சிவப்பு ஒளிக்கதிர் ஓடும். நீ அழுத்துனா அந்த ஒளிப்பாதை மாறும், கிளிக்னு கணக்காயிடும். சிக்னல் கொடுக்க உலோகமும் உலோகமும் முட்டிக்க வேண்டியதில்லை, அதனால இந்தத் துள்ளல் தொல்லையே அதுக்கு இல்லை. லாஜிடெக் 2022-ல ஜி502 எக்ஸ்-ல லைட்ஃபோர்ஸ்னு இதே வழிக்கு வந்துட்டான். உணர்வுக்கு ஒரு உலோகத் தகடு, சிக்னலுக்கு ஒளி. குறை என்னன்னா, ஒளி ஸ்விட்ச் கெட்டுப் போனா எங்க தெருவுல மாத்துச் சாமான் லேசுல கிடைக்காது. பழைய மாடல் மெக்கானிக்கல் ஸ்விட்சுன்னா கை நிறைய அள்ளிக்கலாம்.

இப்போ டிபிஐ. ராசா தம்பி கோவிச்சுக்கக் கூடாது, இதைச் சொல்லியாகணும். டிபிஐ-ங்கிறது மவுஸை ஒரு அங்குலம் நகர்த்துனா எத்தனை புள்ளி எண்ணும்ங்கிறது. துல்லியத்தோட அளவு இல்லை. 1920 புள்ளி அகலத் திரையில, விண்டோஸ் வேகத்தை மாத்தாம 800 டிபிஐ வச்சா, ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரத்துக்குப் போக 2.4 அங்குலம், அதாவது 6 செ.மீ. கை நகரணும். அதையே 25,600-ல வச்சா 2 மி.மீ. கூட வேண்டாம். மூச்சு விட்டா அம்புக்குறி ஓடிடும். கவுண்டர் ஸ்ட்ரைக்கைத் தொழிலா ஆடுறவங்களே பெரும்பாலும் 400, 800, இல்லேன்னா 1,600-ல நிக்குறாங்க. 6,400 போட்ட மவுஸும் உனக்குத் தாராளம்.

ஜி502 ஹீரோ மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா 121 கிராம். பட்டன் நிறைய வேணும்ங்கிற ஆட்டத்துக்கு ஏத்தது. குறி வச்சு இழுத்துச் சுடுற ஆட்டத்துக்கு அந்த எடையை ராத்திரி முழுக்கத் தள்ளணும்.

நீ எனக்கு இதைச் சொல்லு: மணிக்கட்டு ரேகையிலேர்ந்து நடுவிரல் நுனி வரை கை எத்தனை செ.மீ.? உள்ளங்கை முழுக்க மவுஸ் மேல படியுமா, இல்ல விரலை நகம் மாதிரி வளைச்சுப் பிடிப்பியா? ஆட்டத்துல சென்சிட்டிவிட்டி எவ்வளவு? மவுஸ் பேட் எவ்வளவு அகலம்?

நல்லூரான்:

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். வயர்லெஸ் பற்றிக் கேட்டபடியால் என்ர அனுபவத்தைச் சொல்லுறன். லாஜிடெக் ஜி304 பாவிக்கிறன். ஒரு டபிள் ஏ பற்றரி போட்டால் 250 மணித்தியாலம் ஓடும் எண்டு கொம்பனி சொல்லுது. நான் மணிக்கணக்கு எழுதி வைக்கேல்லை, ஆனா அடிக்கடி மாத்துற கரைச்சல் இல்லை. விளையாடேக்க பிந்துற மாதிரி ஒருநாளும் தெரியேல்லை.

ஒண்டைக் கவனியுங்கோ. புளூடூத் மட்டும் உள்ள மவுஸ் வேற, டொங்கிளோட, அதாவது யூஎஸ்பியில செருகிற சின்ன ரிசீவரோட, வாற 2.4 கிகாஹேர்ட்ஸ் மவுஸ் வேற. விளையாட்டுக்கு டொங்கிள்தான் வேணும். அந்த டொங்கிளைக் கொண்டுபோய்க் கம்பியூட்டர்ப் பெட்டிக்குப் பின்னால, யூஎஸ்பி 3 துளையில ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில செருகாதேங்கோ. யூஎஸ்பி 3 வேலை செய்யேக்க அதே 2.4 அலைவரிசையில இரைச்சல் கிளம்பும், அம்புக்குறி விக்கி விக்கிப் போகும். மவுஸோட ஒரு நீட்டு வயரும் வரும். அதில டொங்கிளை மாட்டி, மவுஸ் பேட்டுக்குக் கிட்ட வையுங்கோ. சனம் அந்த வயரைப் பெட்டியிலயே விட்டுட்டு மவுஸைக் குறை சொல்லுது.

பாரம் பற்றரியோட 99 கிராம். சாதாரண அல்கலைன் பற்றரி 23 கிராம் அளவு வரும், லித்தியம் எண்டால் 15. அதைப் போட்டால் கையில வித்தியாசம் தெரியும்.

வைகைக்கரை:

பற்றாசு அண்ணே, இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. ஸ்கேல் வச்சு அளந்துட்டேன். கை நீளம் 17.5 செ.மீ., தங்கச்சிக்கு 16. நான் விரலை வளைச்சுப் பிடிப்பேன், உள்ளங்கையோட அடிப்பகுதி மட்டும் மவுஸ்ல படும். அவ முழுக் கையையும் மேல வச்சுடுவா. 800 டிபிஐ, ஆட்டத்துல சென்சிட்டிவிட்டி 1. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். பேட் 30 செ.மீ. அகலம்தான், மேசை சின்னது. இங்க வெயில்ல கை எப்பவும் வியர்த்துக்கிட்டே இருக்கும், அதையும் சொல்லிடுறேன்.

நல்லூரான் அண்ணாவுக்கும் நன்றி. டொங்கிள் விஷயம் எனக்குத் தெரியாது.

நொய்யல்_நிலா:

வைகைக்கரை, வியர்க்கிற கைன்னு சொன்னதாலே வந்தேனுங்க. நானும் கோயமுத்தூர்ல வேலை முடிச்சு ராத்திரியில கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடறவதான். மவுஸ் பக்கத்துல ஒட்டி வர்ற மெத்துனு ரப்பரும், மேல தடவின வழுவழுப் பூச்சும் நம்ம ஊர் வெக்கைக்கும் வியர்வைக்கும் தாங்கறதில்லைங்க. எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சி இளகிப் போயிரும். ஒருக்கா இளகிருச்சுன்னா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துணியை நனைச்சுத் தொடைச்சா அப்போதைக்குச் சரியாகும், மறுபடி பிசுபிசுக்கும். வாங்கும்போதே சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் உடம்பாப் பாருங்க. பிடி வேணும்னா பேட்மிண்டன் பேட்டுக்குச் சுத்தற கிரிப் டேப்பை வெட்டி ஒட்டிக்கலாம், நஞ்சு போனா உரிச்சுப் போட்டுட்டு வேற ஒட்டுங்க. நான் அப்படித்தான் ஓட்டறேன், கை வழுக்கறதே இல்லை.

அப்புறம், ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் உங்க விலைக்குள்ள வரும், எல்லாரும் அதைச் சொல்லுவாங்க. அது 127 மி.மீ. நீளம். பெரிய கைக்காரங்க முழுக் கையையும் வச்சுப் பிடிக்க அருமையா இருக்கும். 17.5 கைக்கு, அதுவும் விரலை வளைச்சுப் பிடிக்கறவங்களுக்கு, முதுகு உள்ளங்கையில முட்டும். தங்கச்சிக்கு இன்னும் சிரமம். 115-லேர்ந்து 120 மி.மீ. வரைக்கும் இருக்கறதைப் பாருங்க. முடிஞ்சா யாராவது கூட்டாளி வீட்ல இருக்கறதைப் பிடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. போட்டோவுல பாத்துக் கை அளவு தெரியாதுங்க.

பற்றாசு:

நிலா சொன்னது அத்தனையும் சரி. ரப்பர் விஷயத்துல நானும் அதே கட்சி.

தம்பி, உன் கணக்கைப் போட்டுப் பாத்தேன். கவுண்டர் ஸ்ட்ரைக்ல சென்சிட்டிவிட்டி 1-ன்னா மவுஸ் எண்ணுற ஒவ்வொரு புள்ளிக்கும் பார்வை 0.022 டிகிரி திரும்பும். 360 டிகிரி சுத்த 16,364 புள்ளி வேணும். 800 டிபிஐ-ல அது 20.5 அங்குலம், 52 செ.மீ. பின்னாடி சத்தம் கேட்டுத் திரும்பணும்னா 26 செ.மீ. உன் பேட் 30. அப்போ ஒவ்வொரு ஆட்டத்துலயும் எத்தனை தடவை மவுஸைத் தூக்கி வச்சு இழுக்குறேன்னு யோசி. உனக்கு எடை முக்கியம்னு நான் சொல்றது அதனாலதான். விலை கூடின மவுஸை விட லேசான மவுஸ் உன் ஆட்டத்தை மாத்தும். முடிஞ்சா 40, 45 செ.மீ. துணி பேட் ஒண்ணும் பாரு. மேசையில இடமில்லேன்னா கீபோர்டைக் கொஞ்சம் சாய்ச்சு வை, நிறையப் பேர் அப்படி ஆடுறாங்க.

உனக்கு நான் சொல்றது வயர் உள்ள ரேசர் கோப்ரா. 2023-ல வந்தது. 58 கிராம், நீளம் 120 மி.மீ.க்கு ஒரு நூல் குறைவு, ஆப்டிக்கல் ஸ்விட்ச், 9 கோடி கிளிக்னு போட்டிருக்கான். 8,500 டிபிஐ, நீ 800-க்கு மேல போகப் போறதில்லை. வயர் துணி சுத்தின மெத்துனு வயர், இழுக்காது. கோப்ரா ப்ரோன்னு வயர்லெஸ் ஒண்ணு இருக்கு, அது விலையும் எடையும் கூட. பேரைப் பாத்துக் குழம்பிடாதே. விலை தினம் ஏறி இறங்கும். 4,000-க்குள்ள வர்ற நாள் பாத்து எடு.

வயர்லெஸ்தான் வேணும்னு மனசு சொன்னா ஜி304-ஐ நான் தடுக்க மாட்டேன். 116.6 மி.மீ. நீளம், உங்க ரெண்டு பேர் கைக்கும் உக்காரும். ஆனா அதுல இருக்குறது மெக்கானிக்கல் ஸ்விட்ச், 1 கோடி கணக்குதான். டபுள் கிளிக் மறுபடி வரவே கூடாதுன்னு கேட்டதால ரெண்டாவதா வைக்குறேன். அதே உடம்புல வயர் உள்ளது ஜி102, 85 கிராம், விலை குறைவு. அதுக்கும் அதே ஸ்விட்ச் கதைதான். ஒளி ஸ்விட்ச் போட்ட வயர்லெஸ்ஸுல ஜி309 நல்லா இருக்கு. உன் காசுக்கு எட்டாது, சேர்த்து வச்சு அப்புறம் பாத்துக்கலாம்.

போலிங் ரேட், அதாவது மவுஸ் செகண்டுக்கு எத்தனை தடவை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புதுங்கிறது, 1,000 இருந்தா போதும். அது 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தகவல். உன் திரை ஒரு படத்தை மாத்தவே கிட்டத்தட்ட 7 மில்லிசெகண்ட் எடுத்துக்கும். சாதாரண ஆபீஸ் மவுஸ் 125-ல ஓடும், 8 மில்லிசெகண்ட், அதுதான் ஆகாது. 8,000-னு விக்கிறதுக்குக் காசு கொடுக்காதே. அது பிராசஸரை வேற தின்னும்.

ஆன்லைன்ல வாங்குனா விக்கிறவன் யாருன்னு பாத்துக்கோ. பேர் பெத்த மாடலுக்கெல்லாம் போலி உலாவுது, பெட்டி அச்சுல வித்தியாசமே தெரியாது. கம்பெனி சாஃப்ட்வேரைப் போட்டு மவுஸைச் செருகு. மாடல் பேரோட வரலேன்னா அன்னைக்கே திருப்பி அனுப்பு. பில்லை போட்டோ எடுத்து வை. வாரண்டியில பில் இல்லாம வர்றவங்களை நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், பாவமா இருக்கும்.

பழசைத் தூக்கிப் போடாதே. தங்கச்சிக்கு அது பழகின கைதானே? ஸ்விட்ச் மாத்துனா அவளுக்கு இன்னும் சில வருஷம் ஓடும், உன் புது மவுஸும் அவ கிளிக்குக்கு இரையாகாது.

வைகைக்கரை:

அண்ணே, கோப்ராவே வாங்கிடுறேன். பழசை நானே பிரிக்கலாமா? காலேஜ் லேப்ல சால்டரிங் அயர்ன் இருக்கு, எலெக்ட்ரானிக்ஸ்தான் படிக்கிறேன். எந்த ஸ்விட்ச் வாங்கணும்?

பற்றாசு:

தாராளமாப் பிரிக்கலாம், அந்தப் படிப்புக்கு இதை விட நல்ல பயிற்சி கிடையாது.

திருகு எல்லாம் அடியில ஒட்டியிருக்கிற வெள்ளை ஸ்கேட்டுக்கு, மவுஸ் வழுக்கிப் போறதுக்கு வச்ச பட்டைக்கு, கீழ ஒளிஞ்சிருக்கும். ஹேர் டிரையரால லேசாச் சூடு காட்டி உரி. உரிச்சது திரும்பச் சமமா ஒட்டாது, அதனால உன் மாடலுக்குப் புது ஸ்கேட் ஒரு செட் முன்னாடியே வாங்கி வச்சுக்கோ. மேல் மூடியைத் தூக்கும்போது வெடுக்குன்னு இழுக்காதே. பல மாடல்ல மூடியையும் கீழ்ப் பலகையையும் ஒரு பட்டை வயர் இணைச்சிருக்கும், அது கிழிஞ்சா பக்கவாட்டுப் பட்டன் போச்சு.

ஸ்விட்ச் முதுகுல எழுதியிருக்கிறதைப் படி. பெரும்பாலும் ஓம்ரான் டி2எஃப்சி-எஃப்-7என்னாத்தான் இருக்கும். அதே அளவுல கைல் (Kailh) கம்பெனியோட ஜிஎம் 8.0 போடலாம், 8 கோடி கிளிக் கணக்கு, கொஞ்சம் கெட்டியா டக்குனு இருக்கும். நிமிஷத்துக்கு நூறு தட்டுற தங்கச்சிக்கு விரல் வலிக்கும்னு தோணுச்சுன்னா மறுபடி ஓம்ரானே போடு, அது லேசு. ஒரு ஸ்விட்ச் விலை மவுஸ் விலைக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. இடது வலது ரெண்டையும் சேர்த்து மாத்து. இல்லேன்னா ரெண்டு பட்டனும் ரெண்டு விதமா உணரும், ஆடுறவ எரிச்சலாயிடுவா.

கழட்டும்போது பழைய ஈயத்து மேல கொஞ்சம் புது ஈயம் வச்சு உருக்கு, அப்போதான் மூணு காலும் சட்டுனு இளகும். உறிஞ்சு பம்ப்பால எடு. ஸ்விட்ச் தானா வெளிய வரணும், நெம்பினா பலகையில இருக்குற செம்புத் தடம் பிஞ்சுக்கும். புதுசை மாட்டுறப்போ மேல இருக்குற குட்டிப் பொத்தான் எந்தப் பக்கம் தள்ளி இருக்குன்னு பழசோட ஒப்பிட்டுப் பாரு. அது நடுவுல இருக்காது. திருப்பி மாட்டுனா மேல் பட்டனோட முனை அதுல இடிக்காது. பிரிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோ.

வீலுக்குப் பக்கத்துல முடியும் தூசியும் பந்தாச் சேர்ந்திருக்கும், பிரிச்ச கையோட பிரஷ் வச்சுத் தள்ளிடு. வீலைச் சுத்துனா ஆட்டத்துல குதிக்கிற மாதிரி, ஸ்க்ரோல்ல ஜம்ப் வச்சு ஆடுறவனா இருந்தா அதுவும் உனக்கு வேணும்.

புது மவுஸ் வந்ததும் 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 1, பழைய அளவையே வை. விண்டோஸ் மவுஸ் செட்டிங்ல பாயிண்டர் பிரிசிஷன்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடு. பழசோட எடை என்னன்னு நீ சொல்லலை, ஆனா 58 கிராம் எதுக்குப் பக்கத்துலயும் லேசாத்தான் தெரியும். முதல்ல குறி தாண்டித் தாண்டிப் போகும். உடனே சென்சிட்டிவிட்டியைக் குறைக்காதே, கை பழக ஒரு வாரம் கொடு.

நல்லூரான்:

பற்றாசு அண்ணா, என்ர ஜி304 வலது பக்கக் கிளிக்கும் இப்ப சாடையா விடுது. மேல பலகையைப் பிரிக்கேக்க பற்றரிக் கம்பியைக் கழட்ட வேணுமா?

பற்றாசு:

தம்பி, முதல்ல பேட்டரியை வெளிய எடுத்துடு, அதுக்கப்புறம்தான் திருகுல கை வை. அப்படியே உள்ள போற பேட்டரித் தகடு, இணைப்பு எல்லாத்தையும் ஒரு போட்டோ எடுத்து இங்க போடு. எதைத் தொடணும், எதைத் தொடக் கூடாதுன்னு பாத்துச் சொல்றேன்.